ரெப்போ 5.25க்கு வந்தாச்சு, வீடு ஏன் இன்னும் எட்டவில்லை?

மேடவாக்கம்_2பிஎச்கே:
கணக்கை மட்டும் வைக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். கையில் வரும் சம்பளம் மாதம் 92,000. வீடு 70 லட்சம், தென்சென்னைப் புறநகரில் புது அடுக்குமாடி, கட்டி முடியவில்லை. 2025இல் மட்டும் ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டி) 6.50 சதவீதத்திலிருந்து 5.25க்கு இறக்கிவிட்டது. இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பதா, இப்போதே வாங்குவதா? ரெப்போ இறங்கியும் பழைய கடன்காரர்கள் பலருக்கு இஎம்ஐ அப்படியே நிற்கிறது என்கிறார்களே, அது ஏன்? புரோக்கர் "கையில் 14 லட்சம் இருந்தால் போதும் சார்" என்கிறார். போதுமா?

கடன்கணக்கு:
இஎம்ஐ விஷயத்தை முதலில் பார்ப்போம், மற்ற இரண்டுக்கும் அது தேவைப்படும்.

கடன் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அடிப்படை. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் ஃப்ளோட்டிங் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக்கடன் எல்லாம் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு இணைந்தவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி ரீசெட் ஆக வேண்டும். அதற்கு முந்தைய கடன்கள் எம்சிஎல்ஆர் என்ற, வங்கி தன் நிதிச் செலவை வைத்துப் போடும் வட்டியில் இருக்கும் (2016 ஏப்ரல் முதல்). அதற்கும் முந்தையவை பேஸ் ரேட் என்ற பழைய அடிப்படை வட்டியில் (2010 ஜூலை முதல்). இவை ரெப்போவைப் பார்த்து ஆடி அசைந்துதான் இறங்கும், ரீசெட்டும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இருக்கும். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு வெளி அளவுகோல் கட்டாயமே இல்லை. அவர்கள் தாங்களே வைக்கும் பிஎல்ஆர் என்ற அடிப்படை வட்டியை வைத்து ஓட்டுகிறார்கள். புது ஆளுக்குக் குறைந்த வட்டி, பழைய ஆளுக்குப் பழைய வட்டி என்பது அங்கேதான் அதிகம்.

அடுத்தது, ரெப்போவோடு இணைந்த கடனிலும் வட்டி இறங்கினால் பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் தவணைக் காலத்தைத்தான் குறைக்கும். 50 லட்சம், 20 வருடம், 9 சதவீதம் என்றால் இஎம்ஐ 44,986. வட்டி 7.75க்கு வந்து, இஎம்ஐயையும் குறைத்தால் 41,047. இஎம்ஐயை 44,986லேயே விட்டால் 240 மாதக் கடன் 197 மாதத்தில் முடியும். இஎம்ஐயைக் குறைப்பதை விட இதில் மொத்தத்தில் சுமார் 10 லட்சம் வட்டி மிச்சம். "எனக்கு ஒன்றும் இறங்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் ஸ்டேட்மென்ட்டில் மீதி மாதங்களை எண்ணிப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கோபம் தணியும்.

எழில்_பொருளியல்:
தணியாதவர்கள் 2021–22இல் கடன் வாங்கியவர்கள். அந்தக் கணக்கையும் போடுங்கள் அண்ணே.

கடன்கணக்கு:
போடுகிறேன். ரெப்போ 4.00ஆக இருந்தபோது 6.7 சதவீதத்தில் 40 லட்சம், 20 வருடம். இஎம்ஐ 30,296. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ஒன்பதே மாதத்தில் ரெப்போ 2.5 சதவீதம் ஏறி 6.50 ஆனது. அதே கடனுக்கு வட்டி 9.2. அப்போது அசல் பாக்கி 39 லட்சம் என்று வையுங்கள். ஒரு மாத வட்டி மட்டும் 29,900. கட்டும் 30,296இல் அசலுக்குப் போவது 396 ரூபாய். இதே இஎம்ஐயில் விட்டால் கடன் முடிய 568 மாதம், அதாவது 47 வருடம். அசல் பாக்கி முழு 40 லட்சமாக இருந்தால் மாத வட்டியே 30,667. இஎம்ஐ கட்டக் கட்டக் கடன் வளரும்.

இதற்காகத்தான் 2023 ஆகஸ்ட் 18இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. வட்டி ஏறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாற வழி தர வேண்டும் என்றும் அதில் இருந்தது, 2025 அக்டோபர் 1 முதல் அது வங்கியின் விருப்பம். காலத்தை நீட்டி அசல் வளரும் நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. கேட்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் ஒரு எஸ்எம்எஸ் வரும், அதைப் படிக்காமல் அழித்திருப்போம், காலம் நீண்டிருக்கும்.

மேடவாக்கம் சாருக்கு இதிலிருந்து ஒரு சோதனை. 56 லட்சம் கடன், 7.75 சதவீதம், 20 வருடம் என்றால் 45,973. சம்பளத்தில் சரிபாதி, வங்கி தலையாட்டிவிடும். வட்டி 2 சதவீதம் ஏறி 9.75 ஆனால் அதே கடனுக்கு 53,117. அதையும் கட்ட முடியுமா என்று பாருங்கள். வயது 45ஐத் தாண்டியவர்களுக்குக் காலத்தை நீட்ட இடமே இருக்காது. ஓய்வு வயதில் வங்கி கோடு போட்டுவிடும், ஆகவே ஏற்றம் முழுவதும் இஎம்ஐயில்தான் விழும்.

பத்திரஎழுத்து:
புரோக்கரின் 14 லட்சம் கணக்குக்கு வருகிறேன். அது விலையில் 20 சதவீதம் மட்டும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. மதிப்பு என்பதில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது. 10 லட்சத்துக்குள்ளான வீட்டுக்கு மட்டும் விலக்கு. ஆகவே அந்தத் தொகை முழுக்க உங்கள் கைப்பணம்.

தமிழ்நாட்டில் பொதுவான கிரயத்துக்கு முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். முன்பு 7 + 4 ஆக 11 இருந்தது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கி, கூடவே வழிகாட்டி மதிப்பையும் (பதிவுக்கு அரசு குறிக்கும் மதிப்பு) 2017 குறைப்புக்கு முந்தைய அளவுக்கு ஏற்றினார்கள். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிய கதை. புது அடுக்குமாடி முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் கட்டடமும் நிலப்பங்கும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு. முத்திரை 50 லட்சம் வரை 4, 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5, அதற்கு மேல் 7. பதிவு 2. உங்கள் 70 லட்சத்துக்கு 7 சதவீதம், 4.9 லட்சம். இதே விலைக்கு மறுவிற்பனை வீடு என்றால் 9 சதவீதம், 6.3 லட்சம். பத்திரத் தொகையை விட வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் தீர்வை அந்த மதிப்புக்குத்தான்.

கட்டி முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 3.5 லட்சம். விலை 45 லட்சத்துக்குள், கார்பெட் பரப்பு (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) சென்னையில் 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1 சதவீதம். கட்டட நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது. 70 லட்சம் என்பது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று இன்றே கேளுங்கள்.

14 + 4.9 + 3.5 = 22.4 லட்சம். இதற்கு மேல் வங்கியின் செயல்முறைக் கட்டணம், வக்கீல், மதிப்பீட்டாளர், அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கும் எம்ஓடி பதிவு, பராமரிப்புக்காக பில்டர் கேட்கும் கார்பஸ் நிதி, மின் இணைப்பு, கார் நிறுத்தம். 24 லட்சத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி, அலமாரி எல்லாம் இதில் வரவில்லை.

நிலமதிப்பு:
அந்தக் கடன் படிகளில் ஒரு குழி உண்டு, பலர் விழுகிறார்கள். 93.75 லட்சம் வீட்டுக்கு 80 சதவீதக் கணக்கில் 75 லட்சம் கடன். 1 கோடி வீட்டுக்கு 75 சதவீதக் கணக்கில் அதே 75 லட்சம்தான். விலை 6.25 லட்சம் கூடினால் அந்த 6.25ம் முழுக்க உங்கள் கையிலிருந்து. சொந்தப் பணம் 18.75இலிருந்து 25 லட்சமாகிறது. கீழேயும் அப்படியே: 33.3 லட்சத்திலிருந்து 37.5 லட்சம் வரை எந்த வீடானாலும் கடன் உச்சம் 30 லட்சம். இந்த இடைவெளியில் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழு ரூபாய்.

இன்னொன்று. வங்கி பார்ப்பது ஒப்பந்த விலை, தன் மதிப்பீட்டாளர் சொன்ன விலை இரண்டில் குறைந்தது. விற்பவர் "பத்திரத்தில் 55, மீதி 15 கையில்" என்றால் கடன் 55இல் 80 சதவீதம், அதாவது 44 லட்சம். அந்த 15 லட்சத்தைக் கைப்பணமாகப் புரட்ட வேண்டும். சொத்து விற்று 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியவருக்கு அதே அளவு தண்டம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. பின்னால் நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 55 என்றே நிற்கும், அந்த 15க்கும் சேர்த்து மூலதன ஆதாய வரி உங்கள் தலையில்.

எழில்_பொருளியல்:
காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை. நம் ஊர்க் கடனில் ஒரு குணம் இருக்கிறது. அமெரிக்காவில் 30 வருடத்துக்கும் ஒரே வட்டி என்று பூட்டிவிடுவார்கள். அங்கே வட்டி இறங்கக் காத்திருப்பதில் பொருள் உண்டு. இங்கே வீட்டுக்கடன் பெரும்பாலும் ஃப்ளோட்டிங். நாளை ரெப்போ 0.25 இறங்கினால் இன்று வாங்கியவருக்கும் இறங்கும். 56 லட்சத்தில் அது மாதம் 860 ரூபாய். அதே நேரத்தில் விலை 3 சதவீதம் ஏறினால் 2.1 லட்சம், அது இறங்கவே இறங்காது. வட்டி பிறகு மாறும், விலை பத்திரம் போட்ட அன்றோடு முடிந்தது.

இன்னும் கசப்பானது, வட்டி இறங்கும்போது வீட்டின் விலை இறங்காமல் ஏறத்தான் பார்க்கும். மாதம் 45,000 கட்டக்கூடியவருக்கு 9 சதவீதத்தில் 50 லட்சம் கடன் கிடைத்தது, 7.75இல் 54.8 லட்சம். வாங்குபவர் அத்தனை பேர் கையிலும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் கடன். விற்பவர் இதைக் கவனிக்காமல் இருப்பாரா? 10 சதவீதம் விலையைக் கூட்டிவிட்டால் இஎம்ஐ பழையபடி 45,000, முன்பணமும் பத்திரச் செலவும் மட்டும் 10 சதவீதம் கூடுதல். வட்டிச் சலுகை விற்பவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

நிலமதிப்பு:
பாதிதான் ஒத்துக்கொள்வேன். 2022–23இல் வட்டி 2.5 சதவீதம் ஏறியபோது விலை இறங்கியிருக்க வேண்டுமே? இறங்கவில்லை. இந்தியாவில் மனை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கடன் இல்லாமல் வைத்திருக்கிறார்கள், விற்றே தீர வேண்டிய நெருக்கடி இல்லை. பில்டரும் சதுர அடி விலையைக் குறைக்க மாட்டார். குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். கார் நிறுத்தம் இலவசம், பத்திரச் செலவு எங்களுடையது, மாடுலர் கிச்சன் என்று மறைமுகமாகக் குறைப்பார். ஆகவே பட்டியல் விலையைப் பார்த்து "மந்தம் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது.

சென்னையில் வழங்கல் பக்கமும் கொஞ்சம் நடந்தது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5இலிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 3,600க்குப் பதில் 4,800 சதுர அடி கட்டலாம். வீட்டு விலை குறைந்ததா? நிலத்துக்காரர் அதையும் சேர்த்து கிரவுண்டு விலையைச் சொல்ல ஆரம்பித்தார். வாங்குபவருக்கு மிஞ்சியது யூடிஎஸ் (ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் நிலப்பங்கு) சுருங்கியதுதான்.

எழில்_பொருளியல்:
நீங்கள் சொல்வது என் வாதத்துக்கே உரம். வட்டி ஏறும்போது இறங்காது, இறங்கும்போது ஏறும். பேரம் பேச நல்ல காலம் வட்டி உச்சத்தில் இருக்கும்போதுதான், கூட்டம் குறைவு. அந்த வட்டி எப்படியும் பின்னால் இறங்கும்.

கடன்கணக்கு:
ஒரு திருத்தம். ஃப்ளோட்டிங் கடனில் எல்லாமே மாறும் என்பது சரியில்லை. ரெப்போ மாறும், அதற்கு மேல் வங்கி வைக்கும் ஸ்பிரெட் அப்படியே நிற்கும். 7.75இல் வாங்கினால் ஸ்பிரெட் 2.50. கடன் வாங்கும் அன்று பேரம் பேச வேண்டியது அதைத்தான். இரண்டு வங்கியை ஒப்பிடும்போதும் "எத்தனை சதவீதம்" என்று கேட்காமல் "ரெப்போவுக்கு மேல் எத்தனை" என்று கேளுங்கள். சிபில் மதிப்பெண் கூடினால் ஸ்பிரெட் குறையும். சில வங்கிகளில் காப்பீடு எடுத்தால் குறைக்கிறேன் என்பார்கள். அந்தப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்து 20 வருடம் வட்டி கட்டுகிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கடன்காரர்களுக்கு: ஸ்பிரெட்டின் சில பகுதிகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல், குறைப்பதாக இருந்தால் வங்கி முன்பே குறைக்கலாம். "விதி இடம் கொடுக்கவில்லை சார்" என்று கிளையில் சொன்னால் இதைச் சொல்லுங்கள். எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் வேறு வங்கிக்கு மாற்றலாம். தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் கிடையாது. 40 லட்சம் பாக்கி, 15 வருடம், 8.5இலிருந்து 8க்கு மாறினால் மாதம் 1,164 மிச்சம், மொத்தம் 2 லட்சம் சொச்சம். புது வங்கியின் கட்டணம், வக்கீல், மறுபடி எம்ஓடி எல்லாம் கழித்தால்தான் உண்மைக் கணக்கு. மீதி ஐந்தாறு வருடம்தான் என்றால் அலைச்சலுக்குத் தகாது.

தாமிரபரணிக்கரை:
எல்லாரும் சென்னை அடுக்குமாடியிலேயே நிற்கிறீர்கள். திருநெல்வேலி, திண்டுக்கல் பக்கம் மனை வாங்கிக் கட்டுகிறவர்கள்தான் அதிகம், அங்கே கணக்கே வேறு.

வெறும் மனைக்கு வங்கி தரும் விகிதம் குறைவு. டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் இல்லாத மனை என்றால் கையே வைக்காது. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவு என்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேட்கும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று விளம்பரத்தில் போடுவது கடனுக்கு உதவாது. மனை விலையைச் சென்ட்டில் சொல்வார்கள், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக்காரர்கள் கிரவுண்டுக்கு மாற்றும்போது சறுக்குகிறார்கள். கிரவுண்டு ஐந்தரைச் சென்ட்.

கட்டுமானக் கடன் மொத்தமாக வராது. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். உங்கள் பங்கு முதலில் மண்ணுக்குள் போக வேண்டும், அதன் பிறகுதான் வங்கிப் பணம். வங்கி இன்ஜினியர் வந்து பார்த்து அடுத்த தவணை வர இரண்டு மூன்று வாரம் இழுத்தால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஒரு கட்டத்துக்கான பணத்தையாவது தனியாக வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். எஸ்டிமேட்டைக் கூட்டி எழுதி அதிகக் கடன் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் பூச்சு கட்டத்தில் மாட்டுகிறார்கள். கடன் வாங்கிய கட்டங்களுக்கு மட்டும் முன் இஎம்ஐ என்று வட்டி போகும், அதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

மத்திய அரசின் வீட்டுத் திட்டமான பிஎம்ஏஒய் நகர்ப்புறம் 2.0 இங்கேதான் பொருந்தும். ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாக உறுதியான வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், உச்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணையில் கடன் கணக்கில் வரவாகும். சென்னையில் 35 லட்சத்துக்கு வீடு தேடுகிறவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய்.

மேடவாக்கம்_2பிஎச்கே:
வரிச் சலுகையை யாரும் சேர்க்கவில்லையே? வட்டிக்கு 2 லட்சம் கழிவு என்று புரோக்கர் சொன்னார்.

கடன்கணக்கு:
பழைய வரி முறையில்தான் அது. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. கையில் 92,000 என்றால் ஆண்டு மொத்தச் சம்பளம் 12 லட்சத்துக்கு அருகில் இருக்கும். 2025–26 நிதியாண்டு முதல் சம்பளக்காரருக்குப் புதிய முறையில் 12.75 லட்சம் வரை வரியே இல்லை. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? உங்கள் கணக்கில் வரிச் சலுகைக்கு நேரே சுழியம் போடுங்கள்.

வாடகையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். 70 லட்சம் வீட்டுக்கு மாதம் 18,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 3 சதவீதம்தான். கடன் வட்டி 7.75. இந்த இடைவெளியை விலை ஏற்றம் நிரப்பும் என்று நம்பித்தான் எல்லாரும் வாங்குகிறோம். நிரப்பலாம், நிரப்பாமலும் போகலாம். குடியிருக்க வாங்குகிறவருக்கு வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லும் தொல்லை இல்லை என்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை நீங்கள்தான் போட வேண்டும்.

மேடவாக்கம்_2பிஎச்கே:
திருத்திய கணக்கு: வீடு 55 லட்சம், மறுவிற்பனை. கடன் 44 லட்சம், இஎம்ஐ 36,122. வட்டி 9.75 ஆனால் 41,735, சமாளிக்கலாம். சொந்தப் பணம் 11 லட்சம், பத்திரம் 7 சதவீதத்தில் 3.85 லட்சம். ஜிஎஸ்டி இல்லை. சரியா?

பத்திரஎழுத்து:
மறுவிற்பனைக்கு 7 இல்லை, 9. ஆகவே 4.95 லட்சம்.

விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு கிடையாது, விற்பவருக்குத் தரும் 55 லட்சத்திலிருந்து 55,000ஐ எடுத்து அவர் பெயரில் கட்டுவது. பல வங்கிகள் அந்தச் சலானைப் பார்த்த பிறகுதான் காசோலை தரும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 1 சதவீதம் செல்லாது, விகிதம் பல மடங்கு. அதைத் தெரியாமல் குறைவாகப் பிடித்தால் வரித்துறை உங்களிடம்தான் வரும். ஒப்பந்தம் போடும் முன்பே ஆடிட்டரிடம் போங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். விற்பவர் தன் கடனை எப்போதோ அடைத்திருப்பார், ஆனால் எம்ஓடி ரத்து ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார். வில்லங்கத்தில் பழைய வங்கியின் பெயர் அப்படியே நிற்கும், உங்கள் வங்கியின் வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார். கடன் இன்னும் ஓடுகிறது என்றால், உங்கள் வங்கி நேராக அவர் வங்கிக்குக் காசோலை கொடுத்து அசல் பத்திரத்தை வாங்கும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது விதி. அந்த 30 நாளையும் ஒப்பந்தக் காலத்தில் சேர்த்து எழுதுங்கள். 45 நாள் ஒப்பந்தம் போட்டுவிட்டு, முடியாமல் அட்வான்ஸுக்காகச் சண்டை போடுவதுதான் வழக்கம், 90 நாள் கேளுங்கள்.